குத்துவிளக்கும் ஓர் இருட்டுப் படமும்

எதற்கு வேண்டுமானாலும் அழைப்பிதழ் அடியுங்கள். 'விழா' என்ற சொல்லை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். நான் சேர்த்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் நடத்துகிறேன். சினிமாப் பைத்தியம் என்பதால் மாணவர் திரைப்படக் கழகமும் என் தலையில். முதல் திரையிடலுக்கு மேகலா என்ற பெண்ணின் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். முகப்பேரில் குடியிருக்கும் ஐ.டி. ஊழியர். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்களைப் பற்றி, விடுமுறை நாட்களில் எடுத்த படம். முக்கால்வாசி இருட்டிலேயே நடக்கும். அவளுடைய நண்பர்களையும் என்னையும் தவிர யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"நடுவுல கரண்ட் போற சீன் ஒண்ணு வரும் மேடம். அங்க தெரியாதவங்க நாலு பேர் சிரிச்சுட்டா அடுத்த படம் எடுப்பேன். இல்லன்னா ஒழுங்கா வேலையப் பாப்பேன்," என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆகவே இருட்டை நான் கட்டிக் காத்தேன். அரங்கின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்குகளுக்குச் சார்ட் பேப்பர், ஃபேன் ரெகுலேட்டரில் எரியும் சிவப்புப் பொட்டுக்கு இன்சுலேஷன் டேப். (ஆமாம், அதற்கும்தான்!) இவ்வளவும் செய்துவிட்டு, அழைப்பிதழில் 'திரையிடல் தொடக்க விழா' என்று அச்சடித்தேன். வெறும் 'திரையிடல்' மொட்டையாக இருக்கிறதாம், என் ரசனைக்கு!

விழா என்றதும் பதிவாளர் வந்தார். பொன்னாடைகள் வந்தன. ஆளுயரக் குத்துவிளக்கு வந்து திரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டது. ஐந்து திரியையும் ஏற்றினார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். சினிமா இளைஞர்களைக் கெடுக்கிறது என்று பதிவாளர் விளக்கி முடித்த பிறகுதான் படம் தொடங்கியது. திரையில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் பட்டு வெளுத்த திரையிலிருந்து குரல்கள் மட்டும் கேட்டன.

எலக்ட்ரீஷியன் பாபுவிடம் ஓடினேன். "அந்த விளக்க அணைச்சிடுங்க!"

"இன்னா மேடம், அணைன்றீங்க? நல்ல நாளும் அதுவுமா! மலையேத்துன்னு சொல்லுங்க."

"சரி, மலையேத்துங்க."

"நா மாட்டேன்பா. ஏத்துனவரு எதிர்லயே குந்திகினு கீறாரு. அவராண்ட கேளுங்க."

கேட்டேன். "ஏத்தின உடனே அணைச்சா அபசகுனம்மா. எண்ணெய் தீர்ந்தா தானா குளிரும்," என்றார் பதிவாளர். எண்ணெயோ தளும்பத் தளும்ப இருந்தது. நகர்த்தினால் கொட்டும்.

முன்வரிசையில் மேகலா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் போகும் காட்சி நெருங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையேறி, எனக்குப் போர்த்தியிருந்த பொன்னாடையை விரித்து, விளக்குக்கும் திரைக்கும் நடுவே தட்டியாகப் பிடித்தேன். அப்பாடா! படம் தெரிந்தது. மேகலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

செயற்கை இழை தீயிடம் எப்படி நடந்துகொள்ளும் என்று வகுப்பில் பாடம் எடுப்பவள் நான். அன்று பொன்னாடை எனக்குப் பாடம் எடுத்தது. ஜரிகை ஓரம் குப்பென்று பிடித்தது. "ஐயோ அம்மா!" என்று அலறி, உதறி, கீழே போட்டு, அதன்மேல் நான் ஆடிய ஆட்டத்தை எந்த நாட்டியப் பள்ளியிலும் சொல்லித்தர மாட்டார்கள். பாபு ஓடிவந்து தீயணைப்பானை அடித்தார். துணி, விளக்கு, நான் எல்லாம் ஒரே வெள்ளை. விளக்கு மலையேறிவிட்டது.

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பின்னால், பொடிப் புகைக்கு நடுவே, கரண்ட் போகும் காட்சி ஓடி முடிந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

"நான்தான் அப்பவே அபசகுனம்னு சொன்னேனே!" என்று எழுந்த பதிவாளர், எல்லோரையும் வெளியேற்றினார். நன்றியுரையை மட்டும் விடவில்லை. வராந்தாவில் வைத்து வாசித்தார்கள்!

"பரவால்ல மேடம்," என்று பென்டிரைவை வாங்கிக்கொண்டு மேகலா போனாள். இன்றுவரை ஒழுங்காக வேலையைத்தான் பார்க்கிறாள்.

மாணவர் எவரோ எடுத்த வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "மல்லிகா, விளக்குகிட்ட போகாத, மண்டபம் வாடகைக்கு எடுத்தது," என்கிறார் நாத்தனார். படுக்கப் போகும்போது கணவர், "டியூப்லைட்ட நான் மலையேத்தவா, இல்ல நீ ஒரு டான்ஸ் ஆடுறியா?" என்கிறார். ஒவ்வொரு முறையும் பதிலுக்கு, என்னிடம் நகலாக இருக்கும் மேகலாவின் படத்தைக் குழுவில் அனுப்புகிறேன். ஆளுக்கொரு கட்டைவிரல் வருகிறது. அந்தப் படத்தை ஒருவராவது திறந்து பார்த்திருக்க வேண்டுமே!