செவ்வாயில் கிடந்த செருப்பு

பழைய விஞ்ஞானச் சிறுகதைத் தொகுப்புகளைக் கட்டிக்கொண்டு அழும் ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தகம் பழுப்பேறியிருக்க வேண்டும், அட்டையில் ராக்கெட் பென்சில் மாதிரி இருக்க வேண்டும், புரட்டினால் தும்மல் வர வேண்டும். தும்மிவிட்டு "ஆகா!" என்பார்கள். மிக்சி புகைந்தாலும், மேலாளர் முறைத்தாலும், பல் வலித்தாலும் ஒரே பேச்சுதான்: "இதை அப்பவே எழுதிட்டாங்க!" சரி, நாவல் படித்தால் என்னவாம்? நாவலில் உலகம் அழிய நானூறு பக்கம் ஆகும். இதில் டீ ஆறுவதற்குள் அழிந்துவிடும்!

நம் லிஃப்ட் மெக்கானிக் இந்த இனத்தில் முதல் ரகம். அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தான் அவர் மனைவியின் தம்பி. ஏறி இறங்கிய இடமெல்லாம் உதட்டைப் பிதுக்க, இதையே மலைபோல் நம்பி வந்தவன். அவன் ஏறிய லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. மெக்கானிக் ஓடி வந்தார். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் புத்தகம், பக்கத்துக்கு அடையாளமாக நடுவில் விரல்.

"அத்தான், சீக்கிரம்! அடுத்து என்னைத்தான் கூப்பிடுவாங்க!"

"இருடா, முடியப்போவுது. செவ்வாய்ல இறங்கினவன் அங்க ஒரு செருப்பைப் பார்க்கிறான். யாரோடது தெரியுமா?"

"யாரோடதா இருந்தா எனக்கென்ன? கதவைத் தொறங்க!"

"அவனோடதேதான்! சின்ன வயசுல தொலைச்சது!"

 உள்ளிருந்து மெல்லிய குரல்: "அது எப்படி அங்க போச்சு?"

தொற்றிக்கொண்டது! கதவிடுக்கில் வாய் வைத்து அத்தான் படிக்க, உள்ளிருந்து மச்சான் 'ம்' கொட்ட, "வரவேண்டியவன் எங்கேய்யா?" என்று கத்திக்கொண்டு இறங்கிவந்த அதிகாரி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கரண்டு சரியாகி, லிஃப்ட் மாடிக்கு வந்து, கதவு தானாகவே திறந்தது. பையன் வெளியே வரவில்லை.

"முடிச்சிட்டு வரேன் அத்தான்."

மெக்கானிக் பக்கத்தைப் புரட்டினார். அட்டை. கடைசித் தாளை எந்தப் புண்ணியவானோ கிழித்திருந்தான்.

மூவரும் இழவு வீடு போல உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிதான் தொண்டையைச் செருமினார். "தம்பி, உனக்கு ஒரே கேள்வி. செருப்பு எப்படிப் போயிருக்கும்?"

பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னான். அதிகாரி எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது.

நல்ல முடிவுதானே? நிம்மதிதானே? என்ன, "வேலை கிடக்கட்டும், அவன் என்ன பதில் சொன்னான்?" என்கிறீர்களா?

போச்சு. கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தும்மல் வரும்.