அது ஏசி தண்ணி!

வண்டி ஓட்டுகிறவர்களில் முந்துகிறவர்கள் உண்டு, முனகுகிறவர்கள் உண்டு, முன்னால் போகிறவனின் பரம்பரையையே திட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் கிடக்கட்டும். இன்று நாம் கைக்குட்டையும் கையுமாகப் பார்க்கப் போவது ‘ஊற்றி ஓட்டுகிறவர்’ என்னும் அபூர்வமில்லாத இனத்தை. இவரிடம் ஒரு பழைய வேன் இருக்கும். அதில், எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் எங்கிருந்தோ கசிந்துகொண்டே இருக்கும். தெரு முழுக்க அந்தக் கசிவைப் பார்த்திருக்கும். இவரிடம் கேட்டால் மட்டும் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

நம்முடையவர் சோபா தைக்கிறவர். பனிக்காலம் வந்துவிட்டால், மனைவி எழுவதற்கு முன்பே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, வாயில் பனிப்புகை விட்டபடி வாசலுக்கு வந்து, வேனுக்கு அடியில் இரவு போட்டுவைத்த அட்டையை உருவி எடுப்பார். அதில் பச்சையாக ஒரு கறை. ஜாதகக் கட்டத்தைப் பார்க்கிற ஜோசியர் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “நேத்தைவிட இது சின்னதுதான்” என்று தீர்ப்புச் சொல்வார். சின்னதா? அட்டையில் இடம் போதாமல் தரையில் இறங்கியிருக்கும்! அட்டையை மடித்துக் குப்பைத் தொட்டியின் அடியில் புதைப்பார். புது அட்டையைச் செருகுவார். பிறகு, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் போர்வையை விலக்குவது போல பானட்டைத் திறந்து, கூலன்ட் தொட்டியின் மூடியைக் கழற்றி, குடிக்கிற தண்ணீர் பாட்டிலைக் கவிழ்ப்பார்.

ஆமாம், வெறும் தண்ணீர். முதலில் கூலன்ட்தான் ஊற்றினார். பிறகு பாதிக்குப் பாதி. இப்போது குழாய்த் தண்ணீர். “ரெண்டும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கதான்” என்பது அவருடைய கொள்கை.

“என்னங்க, வண்டிக்கு அடியில பச்சையா ஒழுகுது.”

“அது ஏசி தண்ணி.”

“மூச்சு விட்டா புகை வருது, இந்தக் குளிர்ல எவனுங்க ஏசி போட்டான்?”

“வெயில் காலத்துல போட்டது. இப்பத்தான் இறங்குது.”

பட்டறை நாலு தெரு தள்ளித்தான். ஏன் போகமாட்டேன் என்கிறார்? சோம்பேறியா? கஞ்சனா? இரண்டும் இல்லை, வாசகர்களே. பயம். மகள் பிறந்தபோது அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த வேன்தான். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் அவள் அழுதுகொண்டே போனதும், கல்யாணத்தன்று இவர் அழுதுகொண்டே ஓட்டியதும் இதில்தான். பட்டறைக்காரர் பானட்டைத் திறந்து, உதட்டைப் பிதுக்கி, “எடைக்குப் போட்டுடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரை வேனுக்கு உயிர் இருக்கிறது.

இப்போது அந்த மகளுக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். நாளைக் காலை டிஸ்சார்ஜ். பேத்தியையும் இதே வேனில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதைத் தவிர இந்த ஜென்மத்தில் அவருக்கு வேறு ஆசை இல்லை.

“அப்பா, உங்க வேன்ல ஹீட்டர் போட்டா ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி இருக்கு. பாப்பாவை அதுல ஏத்த மாட்டேன். உங்க மாப்பிள்ளை டாக்ஸி சொல்லிட்டாரு” என்றாள் மகள் போனில்.

“ஐயோ, அனலா வரும்மா!”

“சரி, சாயங்காலம் பார்க்க வர்றப்ப அம்மா முன் சீட்ல உக்காந்து வரட்டும். கால் சூடா இருந்துச்சுன்னு அம்மா சொன்னா, நாளைக்கு உங்க வேன்.”

எஞ்சின் சூட்டை உள்ளே சுமந்து வருவதே அந்தக் கூலன்ட்தான். அது தெருவில் கிடந்தால் ஹீட்டர் என்ன செய்யும்? இவர் என்ன செய்தார் தெரியுமா? சோபா ரெக்சினில் ஒரு துண்டு வெட்டி, ஈரமாய்த் தெரிந்த ஒரு ஹோஸ் குழாயைச் சுற்றி, மெழுகு நூலால் நெருக்கித் தைத்து, தொட்டியில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றினார்.

முதல் இரண்டு தெருவுக்கு அனல் வந்தது. இவர் பாட்டே முணுமுணுத்தார். மேம்பாலம் ஏறும்போது வெதுவெதுப்பு. இறங்கும்போது மனைவி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“உன் பக்கத்து ஜன்னலைச் சரியா மூடு.”

“மூடித்தான் இருக்கு.”

“அப்ப உன் உடம்புதான் குளிர் உடம்பு.”

டாஷ்போர்டில் மகளின் சின்ன வயசுப் போட்டோ ஒன்று ஒட்டியிருந்தது. என்ன பாசம் என்றுதானே நினைப்பீர்கள்? மனைவியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இன்று அதன் ஓரத்தை நகத்தால் கிள்ளி உரித்தாள். உள்ளே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள், சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது.

“நிறுத்துங்க!”

நிறுத்தினார். பானட்டின் இடுக்கெல்லாம் ஆவி.

“பெத்த பொண்ணையே ஒட்டி மறைச்சிருக்கீங்களே!” அவள் கதவைத் திறந்து இறங்கினாள். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எதையாவது சரி பண்ணியிருக்கீங்களா? எல்லாத்தையும் ஊத்தி ஊத்தியே ஓட்டிட்டீங்க. நான் பஸ்ல போறேன். நாளைக்குள்ள பட்டறைக்குப் போனா வேன். இல்லைன்னா டாக்ஸி.”

வேனைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். பட்டறைக்காரர் ரெக்சினைத் தடவிப் பார்த்தார்.

“தையல் பிரமாதம்ணே. ஆனா அடிபட்டது காலு, நீங்க கட்டுப் போட்டது கைக்கு. இது நல்ல ஹோஸ். ஒழுகுறது இதுக்குப் பின்னாடி இருக்கிற ஹீட்டர் ஹோஸ்.” தொட்டிக்குள் விரலை விட்டவர் திடுக்கிட்டார். “என்னண்ணே, முக்கால்வாசி வெறும் தண்ணி! இன்னும் கொஞ்சம் குளிர் ஏறியிருந்தா இது உள்ளேயே ஐஸாகி எஞ்சினைப் பிளந்திருக்கும்.”

நம்மவர் மஃப்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டீ வந்தது, ஆறியது. ஒரு கை நீளத்துக்கு ரப்பர் ஹோஸ் மாறியது. தண்ணீர் இறங்கி, கூலன்ட் ஏறியது.

“சொல்லிடுப்பா. தாங்கிக்குவேன்.”

“என்னத்தச் சொல்ல? முடிஞ்சுது. எடுத்துட்டுப் போங்க.”

“அவ்வளவுதானா?”

அந்தக் கேள்வியில் நிம்மதி இருந்தது. இத்தனை நாள் இதற்காகவா பயந்தோம் என்கிற சின்ன ஏமாற்றமும் இருந்தது.

“அக்கா நிறுத்தச் சொன்னாங்களே, அதனால தப்பிச்சீங்க. இன்னும் ஒரு தெரு ஓட்டியிருந்தா எடைக்குத்தான்” என்றார் பட்டறைக்காரர்.

மறுநாள் காலை, பின் சீட்டில் மகளும் துணிப் பொட்டலமாய்ப் பேத்தியும். முன் சீட்டில் நீதிபதி. ஆஸ்பத்திரி வாசல் தாண்டி, மேம்பாலம் ஏறி, இறங்கி... இவர் மூச்சுவிடவில்லை.

“கால் சுடுதுங்க” என்றாள் மனைவி. “கொஞ்சம் குறைங்க.”

வேனை ஓரங்கட்டி அழுதுவிட்டுத்தான் மறுபடி ஓட்டினார்.

வீட்டில் பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சட்டையில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது.

“என்னங்க, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு?”

“அது ஏசி தண்ணி” என்றார்.

சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்களிடம் வேனே இல்லை அல்லவா? குளியலறைக் குழாயில் ஒரு பழைய துணி கட்டியிருக்கிறதே, அது யார் கட்டியது? ஒரு பக்கமாகவே மெல்லுகிறீர்களே, அந்தப் பல் என்ன ஆயிற்று? தம்பியோடு பேச்சு நின்றதைக் கேட்டால், “அவன் பிஸியா இருப்பான்” என்கிறீர்களே, அது?

உங்கள் அட்டையையும் தினமும் உருவிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இன்று பார்த்தாயிற்றா?

நேற்றைவிட இது சின்னதுதான், இல்லையா?