நீவெஸின் கூலிங் கிளாஸ்

இந்த ஜூன் மாதம் என் மனைவி நீவெஸைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானம் செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தீர்மானத்தில் தீர்ந்திருப்பது என் மானம்தான்.

வருஷா வருஷம் நடப்பதுதான். வெயில் அடிக்க ஆரம்பித்ததும் யேசொலோ கடற்கரையில் இருக்கும் தங்கை லொரெத்தா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள். போனால் மூன்று வாரம். நான் மலைமேல், கல்வீட்டில், தனியாக. எதிரே பாறைச் சிகரம் நிற்கும். அதுவும் என்னைப் போலத்தான், யாரோடும் பேசாது. கொஞ்ச நாளில் நான் அடுப்பில் கொதிக்கும் பொலெந்தாவோடு பேச ஆரம்பிப்பேன். சோளமாவுக் கூழ்தானே, 'பொளக் பொளக்' என்று பதில் சொல்லும். இன்னும் கொஞ்ச நாளில் எங்களுக்குள் சண்டை வந்துவிடும்.

வழி ஒன்றுதான் இருந்தது. அவளுடைய கூலிங் கிளாஸ். கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு, அது இல்லாமல் கடல் வெயிலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் மகள் மிலானிலிருந்து அனுப்பியது. ஆமை ஓட்டு நிறம், காதோரம் ஒரு பெரிய டிசைனரின் பெயர் தங்க எழுத்தில். போட்டுக்கொண்டால் நீவெஸ் சினிமா நடிகை. கழற்றினால் சுங்க அதிகாரி.

எங்கள் பள்ளத்தாக்கின் மூக்குக்கண்ணாடி பிரேம் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்கப் பாலிஷ் போட்டவன் நான். ஒரு திருகாணியைக் கழற்ற எனக்கு எவ்வளவு நேரமாகும்? கழற்றி வெயிஸ்ட்கோட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“ரினோ, இதோட கை கழண்டு வந்துடுச்சு.”

வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, உச்சுக் கொட்டினேன். “திருகாணி போயிடுச்சு.”

“வேற ஒண்ணு போடேன். வீடு பூரா அதைத்தானே சேத்து வெச்சிருக்கே.”

“இது அந்தத் திருகாணி இல்ல. டிசைனர் திருகாணி. சொல்லி வரவழைக்கணும்.”

“திருகாணிக்குக்கூடவா டிசைனர்?”

“அதுக்குத்தான் முதல்ல.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தங்கைக்கு போன் போட்டு, வரத் தாமதமாகும் என்றாள். நான் தரையிலிருந்து ஒரு முழம் மேலே மிதந்துகொண்டு தோட்டத்துக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஃபெதேலே விறகு அடுக்கிக்கொண்டிருந்தான்.

“பஸ் போயிடுச்சே, நீவெஸ் போகலையா?”

“கூலிங் கிளாஸ்ல மறை கழண்டிருக்கு.”

“கூலிங் கிளாஸ்லயா?” என்று என் தலையையே பார்த்தான்.

அன்று மாலை மேசையில் என் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்தேன். வேலை நடப்பதாகக் காட்ட வேண்டுமே. நீவெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“துடைக்க என் பாவாடை போதாதா?”

“பாவாடையில தூசி இருக்கும். தூசின்னா கீறல். முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில காட்டு. பாத்திரம் கழுவற சோப்பு ஒரு சொட்டு. அப்புறம் மெத்துன்னு ஒரு துணி.”

“தலைமேல ஏத்தி வெச்சுக்கிட்டா?”

“கை ரெண்டும் அகண்டுடும். மூக்குல நிக்காது.”

“அகண்டதைச் சரி பண்ண முடியுமா?”

“உப்பை வாணலியில சூடு பண்ணி, அதுக்குள்ள செருகி வெச்சா பிரேம் இளகும். மெதுவா வளைக்கணும். அவசரப்பட்டா பட்டுனு போயிடும்.”

“கல்யாணம் மாதிரின்னு சொல்லு.”

இத்தனை வருஷத்தில் தொழிற்சாலையில் நான் என்ன செய்கிறேன் என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வருவேன், சூப் குடிப்பேன், தூங்குவேன். இப்போது கேட்டாள். மறுநாளும் கேட்டாள். பழைய பிரேம்களை எடுத்துக் கொடுத்தேன். வளைத்தாள், நிமிர்த்தினாள், என் கையோடு கை வைத்து அளவு பார்த்தாள். திருகாணி எப்போது வரும் என்று மட்டும் கேட்கவே இல்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. அந்த மேசையில் நான் தனியாள் இல்லை என்பது போதுமாக இருந்தது.

ஒரு காலை ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. நாற்காலி மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளியிருந்தது. கூலிங் கிளாஸைக் காணோம். கருவிப் பெட்டியையும் காணோம்.

போன் போட்டேன். “எங்கே இருக்கே?”

“பஸ்ல.”

“கூலிங் கிளாஸ்?”

“மூக்கு மேல.”

“திருகாணி?”

“முதல் நாளே உன் வெயிஸ்ட்கோட்டைத் துவைக்கும்போது கிடைச்சுது.”

“அப்புறம் ஏன் இத்தனை நாள் இருந்தே?”

“நீ அவ்வளவு ஆசையா சொல்லிக்குடுத்துட்டு இருந்தே. பாதியில எழுந்து வந்தா நல்லாவா இருக்கும்?”

மூன்று வாரம் போனது. அவள் வரவில்லை. போனில்தான் விஷயம் தெரிந்தது. கடற்கரையில் ஒருத்தர் கண்ணாடிகூட நேராக இல்லையாம். லொரெத்தாவின் குடைக்குக் கீழே ஒரு ரிப்பேர் மேசை போட்டுவிட்டாளாம். “ஜனம் விட மாட்டேங்குது ரினோ. ஆகஸ்ட் முடியட்டும்.”

அவளுடைய நாற்காலியை மேசைக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டு, காலியாகவே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பொலெந்தாவோடும் பேச்சு நின்றுபோனது. மலையில் மழை பெய்தது. ஃபெதேலே இரண்டு தரம் சீட்டாடக் கூப்பிட்டான். போகவில்லை. அவன் தோற்றால் சிரிப்பான், ஜெயித்தாலும் சிரிப்பான். எனக்கு அப்போது சிரிப்பே பிடிக்கவில்லை.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள். “ரினோ, வேலை தாங்கல. நீயும் வாயேன்.”

ஷேவ் செய்தேன். கல்யாணங்களுக்குப் போடும் சட்டையைப் போட்டேன். கடைசியில் நான் இல்லாமல் முடியவில்லை, பார்த்தாயா என்று சிகரத்திடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

கடற்கரையில் குடை, மேசை, சின்ன அடுப்பு, அதில் உப்பு வாணலி. நீவெஸ் கறுத்து, இளைத்து, பத்து வயது குறைந்திருந்தாள். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

“வந்துட்டியா, அப்பாடா. உக்காரு.”

உட்கார்ந்தேன். அவள் ஏப்ரனைக் கழற்றி என் மடியில் போட்டாள். கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டாள்.

“எங்கே கிளம்பிட்டே?”

“குளிக்கத்தான். வந்ததுலேருந்து கடல்ல காலே வைக்கல. இனிமே நீதான் இருக்கியே.”

அக்காவும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போனார்கள். இரண்டு தொப்பிகள் சின்னதாகிக்கொண்டே போயின. சுற்றிலும் ஆயிரம் பேர், ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. வாணலியில் உப்பு சத்தமில்லாமல் காய்ந்தது.

அப்போது ஒருவர் கோணிப்போன கூலிங் கிளாஸோடு வந்தார். ஆயுசு முழுக்க பிரேமைத் தேய்த்த கையை நீட்டினேன். அவர் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“வேண்டாங்க பெரியவரே. தப்பா நெனைக்காதீங்க, அந்தம்மாவே வரட்டும்.”