பிளக் போட்டிருக்கா, அங்கிள்?

கிள்ளான்,
23.11.1996, சனிக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் தம்புசாமி அவர்களுக்கு,

உங்கள் தங்கை மாரியாயியின் புருஷன் அய்யாவு கைகூப்பி எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, மகள் லெட்சுமி மூவரும் அம்மன் தயவில் குறையில்லாமல் இருக்கிறோம். சுங்கை பூலோவில் தாங்களும், நல்லம்மாள் அக்காவும், அக்காவின் முழங்காலும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறோம். தீபாவளிக்கு நாங்கள் வராததற்கு எனக்கு வயிற்றுப்போக்கு என்று மாரியாயி போனில் சொன்னாள் அல்லவா, அது பொய். என் வயிறு கல் மாதிரி இருக்கிறது. உங்கள் முகத்தில் விழிக்கப் பயந்துதான் வரவில்லை. இப்போது நல்ல சேதி வந்துவிட்டதால் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பாதியில் கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் படிக்கவும்.

ஷா ஆலம் தொழிற்சாலையில் லெட்சுமி பார்க்கும் வேலை உங்களுக்குத் தெரியும். ஐந்து வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய கம்பிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. போன மே மாதம் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். "அப்பா, வர்ற பஸ்ஸு என்னா நம்பரு?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு ஐம்பத்தேழு வயது, அவளுக்கு இருபத்து மூன்று. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இந்த வேலையில் இன்னும் ஒரு வருஷம் இருந்தால் அப்புறம் கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மேல் மாடியில் கம்ப்யூட்டர் அறை ஒன்று இருக்கிறது. ஆபீஸில் யாருடைய கம்ப்யூட்டராவது மக்கர் பண்ணினால் அங்கே போன் பண்ணுவார்கள், அங்கிருப்பவர்கள் வந்து சரிசெய்து கொடுப்பார்கள். அந்த அறைக்கு உள்ளாட்களிலிருந்தே ஒருவரை எடுக்கப் போகிறார்கள், ஒரே ஒரு இடம், நவம்பரில் நேர்முகம், அதற்குள் கம்ப்யூட்டர் ரிப்பேர் படிப்புக்குச் சர்டிபிகேட் வைத்திருக்க வேண்டும். லெட்சுமிக்கோ வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும், எந்த வகுப்புக்கும் போக முடியாது. அதனால் வீட்டிலிருந்தே படிக்கிற கோர்ஸாகத் தேட ஆரம்பித்தோம்.

மூன்று கோர்ஸ் அகப்பட்டது. ஒன்று இங்கிலாந்துக்காரர்களுடையது. சர்டிபிகேட்டில் தங்க முத்திரை இருக்கும் என்று படம் போட்டிருந்தார்கள். இரண்டாவது, தாங்கள் அன்போடு சிபாரிசு செய்த, தங்கள் நண்பர் விஜயன் பிரிக்பீல்ட்ஸில் நடத்துகிற கோர்ஸ். பாடமெல்லாம் கேசட்டில் வரும், சமைத்துக்கொண்டே கேட்கலாம். மூன்றாவது பெட்டாலிங் ஜெயாக்காரர்களுடையது. பாடப் புத்தகத்தோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு திருப்புளியும் அனுப்புவார்கள், கழற்றி மாட்டிப் பழக வேண்டியது. மூன்று விளம்பரத் தாளிலும் ஒரே மாதிரி ஒரு பெண் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். அதை வைத்து எப்படி முடிவு செய்வது? நான் முப்பத்து நாலு வருஷம் ரயில்வேயில் சக்கரம் தட்டியவன். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் நல்ல சக்கரம் கணீரென்று பேசும், விரிசல் விட்டது தொப்பென்று முனகும். பெயின்ட் அடித்திருக்கிறதா என்று நான் பார்த்ததே இல்லை. இவர்களையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். நாளைக்கு லெட்சுமி பார்க்கப் போவது, 'மெஷின் ஓடவில்லை' என்று போனில் அலறுகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. அதைச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு முதலில் அது தெரிகிறதா என்று பார்க்க வேண்டாமா? போனுக்கு மேலே தொங்குகிற காலண்டரின் ஓரத்தில் மூன்று நம்பரையும் எழுதிக்கொண்டேன். மீன், காய்கறி விற்கிற பாசார் எதிரில் இருக்கிற கடைக்காரர் கொடுத்த, பெரிய அம்மன் படம் போட்ட காலண்டர் அது. மாரியாயியும் லெட்சுமியும் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சுழற்றினேன்.

இங்கிலாந்துக்காரர்களுடைய கோலாலம்பூர் ஏஜெண்டு அம்மாவிடம் "மெஷின் ஓடல, என்ன செய்யிறது?" என்றேன். முதலில் பாரத்தைப் பூர்த்தி செய்யச் சொன்னார். தொப். அடுத்து தங்கள் நண்பர் விஜயன். தப்பாக நினைக்க வேண்டாம், நடந்ததைத்தான் எழுதுகிறேன். "அண்ணே, ஓடாத மெஷின வச்சிக்கிட்டு ஏன்ணே அல்லாடுறீங்க, புதுசு ஒண்ணு வாங்கிருங்க, நம்மகிட்டயே இருக்கு" என்றார். மனுஷர் நல்லவர், ஆனால் சத்தம் தொப்தான். மூன்றாவதாக பெட்டாலிங் ஜெயா. ஒரு தம்பி எடுத்தார். பாரமும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை.

"பிளக் போட்டிருக்கா, அங்கிள்?" என்றார்.

"போட்டிருக்கு" என்றேன். அப்போது எங்கள் வீட்டில் மெஷினே கிடையாது.

"சுவிட்சு?"

"அதுவும் போட்டிருக்கு."

"சரி, கிட்டப் போயி காத வச்சிக் கேளுங்க. சத்தம் வருதா?"

மச்சான், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காது வைத்துக் கேள் என்று சொல்கிறவன் என் ஜாதிக்காரன், சக்கரம் தட்டுகிற ஜாதி. "சத்தமே இல்ல தம்பி" என்றேன். "செவுத்தோட ஒட்டி வச்சிருக்கீங்களா? வேணாம் லா, பின்னால காத்து போகணும். முதல்ல பதறாதீங்க. உள்ள இருக்கிறத எல்லாம் பத்திரமா வெளிய எடுத்து வச்சிருங்க. மெஷினு போனா வேற வாங்கிக்கலாம், உள்ள இருக்கிறது கெட்டுப்போச்சுனா போனதுதான்" என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்? கணீர். "போதும் தம்பி, நீங்க நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திப் போனை வைத்துவிட்டேன். உள்ளே இருக்கிறதை வெளியே எடு என்றால் என்னவென்று அன்று மாலை லெட்சுமியிடம் கேட்டேன். "யாருப்பா உங்களுக்கு இதச் சொன்னது? அதான் பேக்கப்பு. மெஷின்ல எழுதி வச்சத எல்லாம் வேற டிஸ்க்ல எடுத்து வைக்கிறது" என்று ஆச்சரியப்பட்டாள். முதல் பாடத்தை ஓசியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் உங்கள் தங்கை, போனில் தட்டிப் பார்த்து எடுக்கிற காரியமா இது, ஆத்தாளிடம் பூ வைத்துக் கேட்காமல் கூடாது என்று பிடிவாதமாக நின்றாள். சரி என்றேன். மூன்று கோர்ஸுக்கும் விளம்பரத்தோடு ஒரு அட்டை வந்திருந்தது. பேர், விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் சேர்ந்ததாக அர்த்தம், தபால்தலை கூட வேண்டாம். உத்தரவு வந்ததும் அப்படியே தபாலில் போட்டுவிடலாமே என்று நானே மூன்றையும் நிரப்பி, லெட்சுமியிடம் மூன்றிலும் கையெழுத்து வாங்கி வைத்தேன். இது என்னுடைய கெட்டிக்காரத்தனம், மச்சான், மாரியாயியைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றையும் மூன்று பொட்டலமாகப் பூவோடு மடித்து அம்மன் காலடியில் வைத்தாள். கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னாள். பிரித்தால் பெட்டாலிங் ஜெயா. சுத்தியலும் ஆத்தாளும் ஒரே வார்த்தை சொன்னதில் நான் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த அட்டையைத் தபாலில் போடச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். மாரியாயி அதைப் போட்டாள். மற்ற இரண்டு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஆத்தா காலடியில் இருந்ததைக் குப்பையில் போடலாமா, மிதிபடுமே என்று யோசித்திருக்கிறாள். அட்டையில் விலாசம் எழுதியிருக்கிறது, தபால்தலையும் வேண்டாம், எதிரிலேயே தபால்பெட்டி சிவப்பாக, சுத்தமாக நிற்கிறது. மரியாதையாக அதற்குள் சேர்த்துவிட்டாள்.

பத்தாம் நாள் பெட்டாலிங் ஜெயா பெட்டி வந்தது. இருபதாம் நாள் தங்க முத்திரைக்காரர்களின் பெட்டி, இரண்டு ஆள் தூக்குகிற கனம். அதற்கு அடுத்த நாள் விஜயன் தாமே வேனில் வந்து இறங்கினார், நாற்பது கேசட்டோடும் ஒரு தட்டு பழத்தோடும். கையெழுத்துப் போட்டது நாங்கள், என்ன சொல்வது? இங்கிலாந்துக்காரர்களுக்கு, கோயிலில் உத்தரவு கிடைக்கவில்லை, மன்னிக்கவும் என்று லெட்சுமி இங்கிலீஷில் எழுதினாள். எங்கள் நம்பிக்கையை மதிப்பதாகப் பதில் போட்டு, பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விஜயனுக்கு டீ கொடுத்தோம், இட்லி கொடுத்தோம், கடைசியில் நானே சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. கேசட்டையெல்லாம் வேனில் ஏற்றிவிட்டு, "பரவால்லண்ணே, தம்புசாமி அண்ணங்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தீபாவளிக்கு உங்கள் வீட்டுப் படியேற விடாமல் செய்தது.

போகட்டும். நாலு மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இல்லை, கம்ப்யூட்டர்தான் பிரிந்து கிடந்தது. ஷிப்டு முடிந்து வந்து, கண்ணுக்குத் தண்ணீர் ஒற்றிக்கொண்டு, திருப்புளியை எடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடாத மெஷின்காரன் மாதிரி அலறுவேன். அவள் "பிளக் போட்டிருக்கா அங்கிள்?" என்று ஆரம்பிப்பாள். அக்டோபரில் சர்டிபிகேட் வந்தது. போன வாரம் நேர்முகம். நாலு பேர் போயிருந்தார்கள், மற்ற மூன்று பேரும் காலேஜ் பக்கம் போய் வந்தவர்கள். மேனேஜருடைய கம்ப்யூட்டர் நின்றுபோய் அவர் போனில் சத்தம் போடுகிறார், முதலில் என்ன செய்வாய் என்று எல்லாரிடமும் ஒரே கேள்வி. மற்றவர்கள் எதை எதையோ கழற்றி எதை எதையோ மாற்றினார்களாம். நம் பிள்ளை, பிளக் போட்டிருக்கிறதா என்று கேட்பேன், அப்புறம் உள்ளே இருப்பது கெட்டுப்போகாமல் முதலில் வெளியே எடுத்து வைப்பேன், மெஷின் போனால் வேறு வாங்கலாம் என்றிருக்கிறாள். கேள்வி கேட்ட அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். நேற்றுக் கடிதம் வந்துவிட்டது. நாளை மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து மேல் மாடி. இனி மைக்ராஸ்கோப் கிடையாது. மாரியாயி அழுதாள், நானும் அழுதேன், லெட்சுமி மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

ஆகவே, தங்கள் சிபாரிசை மதிக்காமல் இதைச் செய்யவில்லை. முப்பத்து நாலு வருஷத் தொழில் ஞானத்தால் தட்டித் தட்டித் தேர்ந்தெடுத்தேன், என் காது என்னைக் கைவிடவில்லை. இதை விஜயனுக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. எல்லாருக்கும் கண்பார்வை தீர்க்கமாக இருக்க ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
அய்யாவு

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு கிழித்து எழுதுகிறேன். அந்த பெட்டாலிங் ஜெயா தம்பிக்கு ஒரு நன்றி சொல்லாமல் கடிதத்தைத் தபாலில் போட மனம் வரவில்லை. காலண்டரைப் பார்த்துப் போனைச் சுழற்றினேன். என் குரலைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார். "அங்கிள், நீங்களா? நான் வாசு. அஞ்சாறு மாசமா உங்க நெனப்புதான் லா. வந்து பாக்கலாம்னு அட்ரஸ் கேக்குறதுக்குள்ள போன வச்சிட்டீங்க. ஐஸ் பெட்டி இப்ப எப்படி இருக்கு? உள்ள இருந்த மீனெல்லாம் எடுத்து வெளிய வச்சீங்களா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். நான் எழுதிய மூன்றாவது நம்பருக்கு நேர் கீழே, அம்மன் பாதத்துக்கு அடியில், 'வாசு ஐஸ் பெட்டி ரிப்பேர், பாசார் எதிரில்' என்று அச்சடித்த நம்பர், காலண்டர் கொடுத்த அந்த பிரிட்ஜ் கடைக்காரருடையது. அதைத்தான் அன்றைக்கும் சுழற்றியிருக்கிறேன். லெட்சுமி பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பெட்டாலிங் ஜெயாவில் யாருமே போனை எடுக்க மாட்டார்களாம், அவள் பதினொரு தடவை முயற்சி செய்துவிட்டு எல்லாச் சந்தேகத்தையும் தபாலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாளாம், நான் மனம் உடைந்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம். "ஆத்தா எடுத்துக் குடுத்தது சரியாத்தான இருந்திச்சு" என்கிறாள் உங்கள் தங்கை. ஆகவே மேலே என் காதைப் பற்றி எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும்.

அந்தத் தம்பி இன்னும் லைனில் காத்துக்கொண்டிருந்தார், ஏதாவது சொல்ல வேண்டுமே. "இப்ப நல்லா இருக்கு தம்பி, திங்கக்கெழமையிலேருந்து மேல் மாடிக்குப் போவுது" என்றேன்.

"சந்தோஷம் அங்கிள். அங்கயும் செவுத்தோட ஒட்டி வைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார்.