கொக்குக்குக் கவனக்குறைவு வந்த கதை

கண்டி மாவட்டத்திலேயே கொக்கைவிடக் கவனமான ஒரு மனிதனை யாராவது காட்டிவிட்டால், நான் இந்தப் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன். அப்படிப்பட்டவன்தான் ஒருநாள், தனக்குக் கவனமே நிற்பதில்லை என்று ஒரு டொக்டரை நம்பவைக்கக் கிளம்பினான்.

குண்டசாலையில் ஒரே போடிங் அறையில் நாங்கள் மூன்று பேர். நான், அக்குறணைக்காரன் ரிஸ்வான், அப்புறம் கொக்கு. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் கணக்குக் கிளார்க்காக இருந்தான். எதையாவது பார்க்க ஆரம்பித்தால் பார்த்துக்கொண்டே நிற்பான். அதனால்தான் கொக்கு. டெஸ்ட் மட்ச் பார்க்கப் போனபோது மழை வந்து மைதானமே ஓடிவிட்டது. கொக்கு மட்டும் குடைக்குள் உட்கார்ந்து, ஆடுகளத்தை மூடிய தார்ப்பாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கியல் பரீட்சையிலும் இதுதான் நடந்தது. முதல் கேள்விக்குக் காவியம் போல விடை எழுதுவான். மற்றக் கேள்விகளுக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு தடவை பெயில். பாஸானால் பதவி உயர்வு, குடியிருக்கக் குவார்ட்டர்ஸ். கொழுந்து பறிக்கும் அம்மாவை அழைத்து வந்துவிடலாம். அந்த ஆசைதான் அவனை ஆட்டிவைத்தது.

ரிஸ்வானுக்கோ உண்மையாகவே கவனக்குறைவு நோய். டொக்டர் எழுதித் தந்த குளிசையைத் தினமும் போடுவான். அதைப் போட்டால் மூளை பறக்கும் என்று கொக்கு ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு குடு மச்சான்."

"இது டொஃபியா? இது இல்லாட்டி எனக்கு பஸ்ஸால எறங்குற எடமே மறந்து போகுது. ஏலாது."

ஆகவே கொக்கு நோயாளியாக முடிவு செய்தான். ஒத்திகை தொடங்கியது. தேநீரில் மறதியாக உப்புப் போட வேண்டும். போடுமுன் அது உப்புத்தானா என்று நக்கிப் பார்த்துக்கொள்வான். ஒருநாள் குடையை பஸ்ஸில் 'மறந்து' இறங்கினான். பிறகு அதே பஸ் திரும்பி வரும்வரை ஹோல்ட்டில் நின்று வாங்கிக்கொண்டு வந்தான்.

டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சின்ன வயசில உங்களைத் தெரிஞ்ச ஆரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

கொக்கு தன் அம்மாவைத் தோட்டத்திலிருந்து வரவழைத்தான். துணைக்கு நானும் போனேன். "எதையும் ஒழுங்கா கவனிக்க மாட்டான்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னான். அம்மாவும் தலையாட்டினார். ஆனால் டொக்டர் வாயைத் திறந்து, "உங்கட மகனுக்குச் சின்னனில கவனம் குறைவோ?" என்று கேட்டதும் அந்தத் தாய்க்குப் பொறுக்கவில்லை.

"யாருங்க அப்புடிச் சொன்னது? ஒரு எறும்பு போனாக்கூட அது பொந்துக்குள்ள போற வரைக்கும் பாத்துக்கிட்டு நிப்பாங்க எம்புள்ள! வாத்தியாரே அசந்து போனாரு!"

கொக்கு மறுபடியும் கூரையைப் பார்த்தான். இந்தத் தடவை நடிக்கவில்லை.

"தம்பி," என்றார் டொக்டர், "வந்ததில இருந்து காலை ஆட்டுறியள். தாளம் ஒருக்காவும் பிசகேல்லை. கவனம் இல்லாத ஆளால அது ஏலாது. இந்தக் குளிசை உங்களுக்கு வேண்டாம். மற்ற ஆக்களிட்ட வாங்கிப் போட்டிடாதேங்கோ, நெஞ்சுக்குக் கூடாது."

பரீட்சை அன்று காலை ரிஸ்வான் குளிக்கப் போயிருந்தபோது, கொக்கு அவனுடைய அலுமாரியைத் திறந்து ஒரு குளிசையை எடுத்து விழுங்கிவிட்டான்.

மூளை பறந்ததாம். பறந்து போய் விடைத்தாளின் ஓரக்கோட்டில் உட்கார்ந்துவிட்டதாம். எல்லாத் தாள்களுக்கும் ஓரக்கோடு கிழித்தான். கோடு நேராயில்லை என்று திரும்பவும் கிழித்தான். முதல் கேள்வியின் பாதியில் நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டு நானும் ரிஸ்வானும் ஓடினோம்.

"என்ன குடிச்சீங்க?" என்று வார்ட் டொக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெறும் பிளேன்டீதான் சேர்."

"பொய், டொக்டர்" என்றான் ரிஸ்வான். "எண்ட குளிசையில ஒண்டு கொறயுது." குளிசையின் பெயரையும் சொன்னான். செருப்பைக்கூட மறந்து போகிறவன் அதை மட்டும் கவனித்திருக்கிறான்.

டொக்டர் நகர்ந்ததும் கட்டிலருகே வந்தான். "ஒனக்கு இது வெளையாட்டு. நீ நடிச்சிக் காட்டினியே, அதோடதான் மச்சான் நான் தெனமும் எழும்புற."

கொக்கு தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதான். ரிஸ்வான் விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். இனி அறைக்கே வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"கோபத்த மறந்துட்டியா?" என்று கேட்டேன்.

"மறக்கல்ல. சோறு வாங்கப் போன."

கொக்கு குணமாகி வந்ததும் ரிஸ்வானே அவனுக்குப் பயிற்சி கொடுத்தான். ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை அல்லவா? கொக்கு விடை எழுத, இவன் கரண்டியால் தட்டில் அடிப்பான். உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். பாதி நாள் ரிஸ்வான் வேறெதிலோ மூழ்கி அடிக்க மறந்துவிடுவான். "டேய், நேரமாச்சு, அடிடா!" என்று கொக்கே சத்தம் போடுவான். அப்படித்தான் அவன் நேரம் பார்க்கவே பழகினான்.

அடுத்த தடவை பாஸாகிவிட்டான். கடைசிக் கேள்விக்கு விடை அரைகுறைதானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அம்மா இப்போது குவார்ட்டர்ஸில் அவனோடு இருக்கிறார்.

போன மாதம் எனக்கு வேலை போனபோது அவனிடம்தான் போனேன். சொல்லி முடிக்க வெகுநேரமானது. அதுவரை ஒரு தடவைகூட ஃபோனைப் பார்க்காமல், என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வேறெந்த மருந்தும் தேவைப்படவில்லை.