மேட் மிஸ்ஸின் பச்சைக் கார்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். காலி வீதி பஸ்களுக்குப் பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். ஆனால் எங்கள் ஒழுங்கையில் மேட் மிஸ்ஸின் காருக்குப் பயப்படாத உயிர் ஒன்றுகூடக் கிடையாது. காகங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவருக்கு முதலில் இருந்த பெயர் மெத்ஸ் மிஸ். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டு விறாந்தையில் கணிதம் படிப்பிப்பவர். நானும் அந்த விறாந்தையில் இரண்டு வருடம் நடுங்கியவன்தான். கடைசியில் கணிதத்தில் எனக்குக் கிடைத்தது எஸ். அதாவது, மயிரிழையில் பரீட்சை சித்தி. பல வருடங்கள் கழித்து, வேலை கிடைத்து, அதே வீட்டின் மேல்மாடி அறையை வாடகைக்குக் கேட்டுப் போய் நின்றேன். என் குரலைக் கேட்டதுமே, "எஸ் எடுத்தவன்தானே நீ?" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் எஸ். எனக்கு இப்போது முப்பத்தைந்து வயது. இன்றைக்கும் கீழே இருந்து "டேய் எஸ்!" என்று சத்தம் வந்தால் என் கை தானாகப் பென்சிலைத் தேடுகிறது.

மெத்ஸ் மிஸ், மேட் மிஸ் ஆனது காரினால். வெளிநாட்டிலிருந்து கார் இறக்குவது நின்றுபோயிருந்த காலம் அது. இருந்த காரைக் கட்டிக்காப்பதைத் தவிர யாருக்கும் வேறு வழியில்லை. மிஸ்ஸின் இருபது வயதுக் கார் கடற்காற்றின் உப்புப் பட்டு, தேமல் விழுந்த முதுகுபோல மங்கிக் கிடந்தது. யாரோ பழைய மாணவன் கொடுத்த யோசனைப்படி, காரை நுகேகொடையில் ஒரு கடையில் விட்டு முழுவதற்கும் வைனில் ஒட்டிக்கொண்டு வந்தார். கொப்பிக்கு உறை போடுவதுபோலக் காருக்குப் போடும் பெரிய ஸ்டிக்கர்தான் வைனில். மிஸ் தேர்ந்தெடுத்தது துளியும் மினுக்கமில்லாத மேட் ரகம். நிறம் கரும்பச்சை.

பிழை அந்த நிறத்தில்தான் இருந்தது. ஆமி ட்ரக்போல மங்கலான பச்சை வாகனம் ஒன்று ஒழுங்கைக்குள் மெதுவாக நுழைந்தால், சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவர்கள் வாழும் ஒழுங்கை எங்களுடையது. புதுக்கோலத்தோடு கார் வந்த அன்று, முன்வீட்டு ஐயா அடையாள அட்டையும் கையுமாகக் கேற்றடிக்கு வந்து விறைத்து நின்றுவிட்டார்.

"ஐயா, நான்தான்" என்று மிஸ் கண்ணாடியை இறக்கினார்.

மிஸ்ஸின் முகத்தைக் கண்டதும் ஐயா இன்னும் கொஞ்சம் பயந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கழுவும் வேலை எனக்கு. அதைக் கழுவுதல் என்று சொல்லக்கூடாது, வாய்மொழிப் பரீட்சை என்றுதான் சொல்லவேண்டும். மிஸ் கதிரை போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"ரெண்டு வாளி ஏன்?"

"ஒண்டு ஷாம்பூத் தண்ணி, மற்றது துணி அலசிறதுக்கு மிஸ்."

"அலசாட்டி?"

"துணியில இருக்கிற மண் வைனிலைக் கீறும் மிஸ்."

"கீறினா பொலிஷ் போட்டு எடுக்கலாம்தானே?"

"ஏலாது மிஸ். மேட்டில பொலிஷ் போட்டா அந்த இடம் மட்டும் மினுங்கும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"சாகும் வரைக்கும் மிஸ்."

வெயில் ஏறமுதல் கழுவவேண்டும். சூடான பொனட்டில் தண்ணீர் காய்ந்தால் வட்டம் வட்டமாக அடையாளம் விழும். மேலிருந்து கீழே கழுவவேண்டும். மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கக்கூடாது. எல்லாம் முடிந்ததும் மிஸ் எழுந்து, கார் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். ஏழுக்கு மேல் நான் கண்டதில்லை. ஒருமுறை கதவின் அடிவிளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றதற்கு அரை மார்க் வெட்டினார். காகம் எச்சமிட்டால் வகுப்பு நடுவில் அப்படியே நிற்கும். "ஆரும் அசையப்படாது!" என்று பிள்ளைகளுக்குக் கட்டளை போட்டுவிட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலும் துணியுமாக ஓடுவார். விறாந்தைக்குள் இருந்தபடி, பொனட்டில் எச்சம் விழுந்த சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டது என்பது எங்களுக்கு விளங்காத கணக்கு.

இப்படியிருக்க, போன வருடம் சகோதரியின் மகளான பெறாமகளின் கலியாணத்துக்கு மிஸ் பத்து நாள் யாழ்ப்பாணம் புறப்பட்டார். கார்ச் சாவி என் கைக்கு வந்தது.

"ஒண்டைவிட்டு ஒருநாள் ஸ்டார்ட் பண்ணு. கேற்றைத் தாண்டப்படாது. ஓரங்களைக் கவனி. வைனில் உரியிறதெண்டா ஓரத்தில இருந்துதான் உரியும். விளங்கிச்சோ?"

"ஓம் மிஸ்."

"விளங்கேல்லை எண்டு தெரியுது. சரி, பாப்பம்."

ஏழு நாள் ஒழுங்காகப் போனது. எட்டாம் நாள் காலை எழும்பிப் பார்க்கிறேன், முற்றத்து வாதாங்கொட்டை மரத்துக்கு வந்துபோன வௌவால்கள் பொனட் முழுவதும் ஊதா நிறத்தில் கோலம் போட்டிருந்தன. குழாயைத் திறந்தேன். கொர்ரென்றது. அன்று ஒழுங்கை முழுவதும் தண்ணீர் வெட்டு. தண்ணீர்த் தாங்கியும் காலி. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. எச்சம் காய்ந்தால் வைனிலைத் தின்றுவிடும் என்பது என் மனப்பாடம். நின்று யோசித்தேன். பிறகு, என் வாழ்க்கையின் மிகப் பெரிய பிழையைச் செய்தேன். கேற்றைத் தாண்டினேன்.

தெகிவளைப் பக்கம் சொந்தக் கிணறு உள்ள ஒரு சேர்விஸ் இடம் இருந்தது. அங்கே நின்ற பெரியவர் பிரெஷர் கன்னைத் தூக்கியதும், எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து, கிட்டக் கொண்டுபோக வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"பயவெண்ட எப்பா, மாத்தயா" என்று சிரித்தார். பயப்பட வேண்டாமாம்.

ஊதாக் கோலம் இரண்டு நொடியில் போனது. மூன்றாவது நொடியில் பொனட்டின் இடதுபக்க ஓரத்துக்குள் தண்ணீர் புகுந்து, பச்சைத் தோல் சர்ரென்று கிளம்பி, பிய்ந்து, சோற்றுப் பார்சலில் சுற்றிய லஞ்ச் ஷீட்போல காற்றில் படபடத்தது. கீழே பழைய தேமல் தெரிந்தது. பெரியவர் கன்னைக் கீழே வைத்தார். இப்போது அவருக்கும் பயம்.

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்தது.

"கார் என்ன செய்யுது?"

"நிக்குது மிஸ்."

"ஓரங்கள்?"

"எல்லா ஓரமும்… இருக்குது மிஸ்."

"ம்" என்று வைத்துவிட்டார். அந்த "ம்" எத்தனை மார்க் என்று தெரியாமல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மிஸ் திரும்புவதற்கு முதல்நாள்தான் நுகேகொடைக் கடைக்காரரைப் பிடிக்க முடிந்தது. "அந்த மிஸ்ஸோட கார்தானே?" என்று தமிழில் கேட்டவர், வைனிலைச் சூடாக்கும் ஹீற் கன்னை அணைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். முதல்முறை ஒட்டியபோது ஒரு கதவை மூன்று தடவை கழற்றி ஒட்ட வைத்தாராம் மிஸ். அந்தப் பச்சை ரோல் இப்போது வருவதில்லை என்றார். முழு பொனட்டையும் மாற்ற இரண்டு நாள் வேண்டும். எனக்கு இருந்ததோ அரை நாள். கைவசம் இருந்த சாம்பல் நிறத்தில், விரித்த கொப்பி அளவுத் துண்டொன்றை வெட்டி, ஓரங்களைச் சூடாக்கி அழுத்தி, தடவினால் தெரியாத அளவுக்குச் சுத்தமாக ஒட்டிக் கொடுத்தார்.

தடவினால்தான் தெரியாது. பார்த்தால், புல் மைதானத்தின் மூலையில் சீமெந்து பூசியதுபோல இருந்தது. முன்வீட்டு ஐயா கேற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சாமான்களைக் கட்டிட்டீரோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய் யன்னலைச் சாத்திக்கொண்டார்.

மிஸ் அதிகாலை பஸ்ஸில் வந்து இறங்கினார். குளித்து, தேநீர் குடித்து, எட்டு மணிக்கு நல்ல வெயிலில் காரடிக்கு வந்தார். நான் ஒப்புக்கொள்ள வேண்டிய வசனங்களை மனதுக்குள் அடுக்கியபடி தூணோடு நின்றேன். கூரை, கதவுகள், பின்பக்கம் என்று தடவிக்கொண்டு பொனட்டுக்கு வந்தார். உள்ளங்கை பச்சையிலிருந்து சாம்பலுக்குப் போனது. சாம்பலிலிருந்து பச்சைக்குத் திரும்பியது.

"ஒன்பது" என்றார். "பத்துக்கு ஒன்பது. பரவாயில்லையே, எஸ்."

மேல்மாடிக்குப் பறந்தேன் என்றே சொல்லவேண்டும். பதினான்கு படிகளில் எட்டாவது படியில் கால் நின்றுவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அரை மார்க் வெட்டுகிறவர், ஒரு முழத் தூரத்தில், பட்டப்பகலில், பச்சைப் பொனட்டில் சாம்பல் துண்டைக் காணவில்லை. பத்து நாள் நான் பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று அந்தப் படியில்தான் விளங்கியது.

"டேய் எஸ்!" என்று கீழே இருந்து குரல். "வா, கோயிலுக்குப் போட்டு வருவம். நான் ஓட்டுறன்."

ஏன் ஏறினேன் என்று கேட்காதீர்கள். மிஸ் சொன்னால் ஏறத்தான் தெரியும். காலி வீதியில் பம்பலப்பிட்டிப் பக்கம் திரும்பினோம். என் முன்னால் சாம்பல் துண்டு வெயிலில் தெரிந்துகொண்டே வந்தது. மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ்களின் இரைச்சலைக் காதால் அளந்து, நினைவிலிருந்த வீதியில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சிக்னல் என்ன?"

"சிவப்பு மிஸ்! சிவப்பு!"

பிரேக் போட்டார். "எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதோ எண்டு பாத்தனான்."

அதற்கடுத்து, பாதசாரிகள் கடக்கும் மஞ்சள் கோட்டில் குடையும் மரக்கறிப் பையுமாக ஒருவர் பாதி வீதிக்கு வந்துவிட்டார். கார் வேகம் குறையவில்லை. "மிஸ்!" என்று கத்திக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். டயர் கிறீச்சிட்டது. அந்த மனிதரின் குடை எங்கள் பொனட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. முருங்கைக்காய்கள் வீதியில் சிதறின. பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்தன.

"என்னடா? என்ன?" என்றார் மிஸ். "ஆர் கத்தினது?"

அவர் அந்த மனிதரைக் காணவே இல்லை.

இறங்கிப்போய் முருங்கைக்காய்களைப் பொறுக்கிக் கொடுத்து, கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். காரைக் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றுக்குள் விடச் சொன்னேன். எஞ்சின் நின்றது. அவரிடம் ஒரு கேள்வி கேட்கும் தைரியம் வாழ்க்கையில் முதல்தடவையாக வந்தது.

"மிஸ், பொனட் என்ன நிறம்?"

"என்ன விசர்க் கேள்வி? பச்சை."

"இடப்பக்கம்?"

மிஸ்ஸின் கை ஸ்டியரிங்கைத் தாண்டி முன்கண்ணாடியை ஒருமுறை தடவியது.

"இடப்பக்கம் சாம்பல், மிஸ். பிய்ஞ்சு போச்சு. நான்தான் பிய்ச்சனான். வேற நிறத்தில ஒட்டி வச்சிருக்கிறன்."

மிஸ் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார்.

"சீனி கண்ணுக்கு வந்திட்டுது" என்றார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அவருக்குப் பல வருடமாக இருந்தது எனக்குத் தெரியும். கண்ணுக்கு வந்தது தெரியாது. "எல்லாம் நிழல் நிழலா… கார் ஓடவேண்டாம் எண்டு டொக்டர் சொல்லி ஆறு மாசம். போர்டில எழுதிறது கையின்ர பழக்கத்தில. காரை நான் தடவிறதும் அதாலதான்."

"ஏன் மிஸ் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா? பிள்ளையள் வருங்களே? பாவம் எண்டு பாக்குங்கள். என்னைப் பாத்துப் பாவம் எண்டு…" நிறுத்தினார். "எனக்குப் பயமா இருக்கு, அப்பன்."

ஏழு வருட வாடகையில் அவர் என்னை எஸ் என்று கூப்பிடாத ஒரே தடவை அது. இறங்கிச் சுற்றிவந்து அவர் பக்கக் கதவைத் திறந்தேன். மிஸ் சாவியை என் கைக்குள் வைத்து, இருக்கை மாறி உட்கார்ந்தார். திரும்பிவரும் வழியெல்லாம் நான் கியர் மாற்றியது அத்தனையும் பிழை என்று திட்டிக்கொண்டே வந்தார். அதைப்போல நிம்மதியாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

பிள்ளைகளிடம் அவரே சொன்னார். ஒருவரும் வகுப்பை விட்டு நிற்கவில்லை. முன்னைவிடக் கூடுதலாகப் பயப்படுகிறார்கள் என்று கேள்வி. வியாழக்கிழமைகளில் நான் அரை நாள் லீவு போட்டுக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். லேசர் பிடித்ததில் இருக்கிற பார்வை போகாமல் நிற்கிறது என்கிறார் டொக்டர்.

போன கிழமை எனக்குக் காய்ச்சலும் இருமலும். போர்த்துக்கொண்டு கிடந்தவனுக்குப் படியில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மறுகையில் மூடியில்லாத கிண்ணத்தில் கொதிக்கும் ரசத்தோடு மிஸ் மேல்படியில் நின்றார். பாதி ரசம் படிகளில் இருந்தது, கொஞ்சம் அவர் கையில். "இருமல் கீழ வரைக்கும் கேக்குது. சூடு ஆறமுதல் குடி" என்றார்.

மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். இனிமேல் எனக்குக் காய்ச்சல் வந்தால், கீழே சத்தம் கேட்காமல் இருமப் பழகவேண்டும்.