விரத வீட்டுக்கு வந்த எட்டுக் கை

படித்தவன் சொல்லும் பொய்க்கு மவுசு அதிகம். (பெருமையாகச் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.)

எண்பதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கடைசி வருடம். கடலடியில் வளரும் மென்பவளங்களில் கிருமியைக் கொல்லும் சத்து இருக்கிறதா என்பது என் ஆய்வு. பங்கோர் தீவில் வெட்டியெடுத்த துண்டுகளோடு பஸ் ஏறினேன். ஆய்வுக்கூடம் திங்கட்கிழமைதான் திறக்கும். அதுவரை குளிரில் வைக்காவிட்டால் துண்டுகளோடு என் பட்டமும் கெட்டுவிடும். புந்தோங்கில் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியை நம்பி வந்தேன்.

வீட்டிலோ தைப்பூச விரதம். நான் பாஸாக வேண்டும் என்று அப்பா காவடிக்கு நேர்ந்திருந்தார். மீன் வாடைகூட வாசல் தாண்டக் கூடாது.

"என்னய்யா பொட்டலம்?" என்றார் அம்மா.

"கடல் செடிம்மா."

(அது செடியில்லை, பிராணி. முதல் பாடத்திலேயே சொல்லித் தந்திருந்தார்கள்.) பொட்டலம் தயிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் வந்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "தம்பி, மணியத்துக்கு அந்தக் கடல் செடிய எடுத்துக் காட்டுலா!"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்தது? "பாருங்கண்ணே, இதுக்குக் கல்லுக் கூடு கிடையாது, ஓடவும் முடியாது. மீனு கடிக்காம இருக்க உடம்புக்குள்ளயே மருந்து செஞ்சு வச்சுக்குது. அது கிருமியக் கொல்லுமான்னுதான் பாக்குறேன். உடம்பு பூரா குட்டிக் குட்டி வாய், ஒவ்வொரு வாயச் சுத்தியும் எட்டுக் கை. அதால இரை பிடிச்சுத் தின்னும்."

"செடி இரை பிடிக்குமா?" என்றார் மணியம் அண்ணன்.

அப்பா பாதி குடித்த மோரை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மா ஐஸ்பெட்டியில் இருந்த அத்தனையையும் வெளியே கொட்டி, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார். என்னைக் கழுவ மஞ்சள் போதாது என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்பா திட்டவில்லை. எனக்காகப் பட்டினி கிடந்த மனிதரிடம் பொய் சொன்ன வெட்கத்தில், திட்டினாலே தேவலை என்றிருந்தது எனக்கு. அவரோ சைக்கிளில் போய் ஐஸ் கட்டி வாங்கி வந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால் சுமந்த பழைய வாளியில் அதைக் கொட்டி, பொட்டலத்தை உள்ளே புதைத்தார்.

"உன் படிப்பு என்னலா தப்பு செஞ்சுச்சு? சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

திங்கட்கிழமை வரை அவரே ஐஸ் மாற்றினார். விரதம் கெட்டுவிட்டதால் அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவில்லை. முதல் நாளிலிருந்து மறுபடி விரதம் இருந்து, பங்குனி உத்திரத்துக்கு எடுத்தார். இந்த முறை வேண்டுதல் இரண்டு: நான் பாஸாக வேண்டும், பொய்யை விட வேண்டும்.

வாளியில் பிழைத்த துண்டுகளின் சாறு, ஆய்வுத் தட்டில் கிருமிகளை ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தியது. நானும் பாஸானேன்.

இப்போது அப்பா இல்லை. ஆனாலும் நான் எதையாவது அளக்க ஆரம்பித்தால் என் மகள் விடுவதில்லை.

"தாத்தாவோட ரெண்டாவது வேண்டுதல் இன்னும் பலிக்கலலா!"